கேட்டால்தான் தெரியும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் பழமொழி. முகம் நோக்கி உள்ளத்தை உணரும் திறத்தைத் திருவள்ளுவரும் பொருட்பாலில் ‘குறிப்பறிதல்’ என ஓர் அதிகாரமாகவே அமைத்துள்ளார். ஆயினும், உடன் வாழும் தாய்க்கும் நாள்தோறும் காணும் ஆசிரியருக்கும் புலப்படாத துயரம் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இருத்தல் கூடுமா? கூடும் என்பதை இங்கிலாந்தில் ஒரு சிறு தீவில் நிகழ்ந்த ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

இங்கிலாந்தின் தென்கடற்கரையை ஒட்டி வைட் என்னும் தீவு உள்ளது. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் மைக்கேல் ரட்டர் என்னும் மனநல மருத்துவரும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் அத்தீவின் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 10, 11 வயதில் இருந்த ஏறத்தாழ 2,200 பிள்ளைகளையும் தம் ஆய்வுக்குள் கொண்டுவந்தனர். நோயென்று வந்தவரை மட்டும் எண்ணினால், வாராதவர் எத்தனை பேர் என்பது எவ்வாறு தெரியும்?

முதலில் பெற்றோர்க்கு ஒரு வினாத்தாளும் ஆசிரியர்க்கு ஒரு வினாத்தாளும் வழங்கப்பட்டன. அவ்விடைகளால் கவனிக்கத்தக்கவர் எனத் தோன்றிய பிள்ளைகளை மருத்துவர்கள் நேரில் கண்டனர். பெற்றோரிடம் விரிவாக உரையாடினர். பிள்ளையிடமும் தனியே உரையாடினர். பிள்ளையைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டறிவதே அக்காலத்துப் பெருவழக்கம். பிள்ளையையே கேட்பதும் நம்பத்தக்க முறையே என ஆய்ந்து காட்டியது ரட்டர் குழுவினரின் பெரும்பணிகளுள் ஒன்றாகும்.

நூற்றுக்கு ஏறத்தாழ 7 பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல் இருந்தமை தெரியவந்தது. அவர்களுள் மிகச் சிலரே அதுவரை மருத்துவ உதவி பெற்றிருந்தனர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பெற்றோரின் விடைகள் சுட்டிய பிள்ளைகளும் ஆசிரியரின் விடைகள் சுட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் வேறுவேறாக இருந்தனர்! இதனால் யாரோ ஒருவர் பொய் சொன்னார் என்று கொள்ளலாகாது. வகுப்பில் வாய் திறவாத சிறுமி வீட்டில் தம்பியுடன் ஓயாமல் பேசக்கூடும். வீட்டில் அடங்கியிருக்கும் சிறுவன் விளையாட்டுத் திடலில் எல்லாரோடும் சண்டையிடக்கூடும். தாய் காண்பது ஒரு பாதி. ஆசிரியர் காண்பது மற்றொரு பாதி. இரண்டும் மெய்யே.

சில ஆண்டுகள் கழிந்தன. அப்பிள்ளைகள் 14, 15 வயதை எட்டியபோது ஆய்வாளர்கள் மீண்டும் சென்று உரையாடினர். தாம் துயருற்றிருப்பதாகவும், தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுவதாகவும் பலர் கூறினர். அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியரும் அதனை அறிந்திருக்கவில்லை. இத்தனைக்கும் அவர்களுள் பெரும்பாலோர் பெற்றோருடன் நல்லுறவில் இருந்தவர்களே. அன்பு குறைந்தமையால் அறியாமற்போனார்கள் என்று சொல்வதற்கில்லை. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ரட்டரின் இளமையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது, 1940ஆம் ஆண்டில், ஏழு வயதுச் சிறுவனாகிய அவர் தம் தங்கையுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரைப் பிரிந்து, அயலார் இல்லத்தில், நான்கு ஆண்டுகள் வளர்ந்தார். அதனால்தான் அவர் இத்துறைக்கு வந்தார் என்று கூற நான் துணியேன். ஆயினும், தந்தையின் பணிமாற்றத்தால் ஊர்தோறும் பள்ளி மாறி, ஒவ்வோர் ஆண்டும் புதிய தோழரைத் தேடும் உங்களுக்கு இச்செய்தி நெருக்கமாகத் தோன்றும் என எண்ணுகிறேன்.

ரட்டரின் வினாத்தாள்கள் பிள்ளையின் குறைகளையே வினவின. 1997ஆம் ஆண்டில் ராபர்ட் குட்மன் என்னும் மருத்துவர் அவற்றைத் தழுவிப் புதியதொரு வினாத்தாளை வெளியிட்டார். அதில் 25 கூற்றுகள் உள்ளன. மனக்கவலை, நடத்தை, அமைதியின்மை, நட்பு ஆகியவை பற்றி ஐந்தைந்து கூற்றுகள். எஞ்சிய ஐந்தும் பிள்ளையின் நற்பண்புகளைப் பற்றியவை. பிறர்க்குப் பகிர்ந்து கொடுக்கிறதா, துன்புற்றவர்க்கு உதவுகிறதா என்றும் அது கேட்கிறது. நிறையையும் கேட்பதனால் பெற்றோர் மனம் கோணாமல் விடை எழுதுவர் என்பது என் கருத்து. 11 வயது நிரம்பியவர் தாமே எழுதுதற்கும் தனித்தாள் உண்டு. பிள்ளையின் தொல்லை குடும்பத்திற்குச் சுமையாகிறதா என வினவும் இணைப்புத்தாளும் பின்னர் வந்தது.

அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி எனக் கூறுவதும் அக்கூற்றுகளுள் ஒன்று. தேர்வு நாளில் மட்டும் வரும் வயிற்றுவலியை நீங்கள் அறிவீர்கள். அது நடிப்பு அன்று; வலி மெய்யாகவே இருக்கும், அதன் வேர் உள்ளத்தில் இருக்கும்.

இவ்வினாத்தாள் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. வகுப்பில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசி, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தன் மனநிலையை எம்மொழியில் சொல்லும்? ‘மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்பதனைப் பிறமொழியில் சொல்ல முயன்று பாருங்கள். அதன் அருமை விளங்கும்.

பள்ளியில் உயரம், எடை, கண்பார்வை ஆகியவற்றைப் பார்ப்பதுபோல் மனநலத்தையும் தொடக்கத்திலேயே பார்ப்பது நன்று. மனநலச் சிக்கல்களுள் பல 14 வயதிற்குள் தொடங்கிவிடுகின்றன என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆனால், வினாத்தாளில் கிடைக்கும் எண் நோயின் பெயர் அன்று. எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை என்று கண்டறிவது வேறு, கண்ணாடி எழுதித் தருவது வேறு அல்லவா? கேட்டபின் உதவி செய்ய ஆள் இல்லையெனில், கேட்டதனால் பயனும் இல்லை.

உங்களிடம் ஆலோசகர் இவ்வாறு வினவினால், விடையை மதிப்பெண்ணுக்கு உரியதாகக் கருதவேண்டா. நீங்கள் சொல்வதை அவர் வகுப்பில் வெளியிடமாட்டார். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஊறு நேரும் எனத் தோன்றினால் மட்டும் பெற்றோர்க்கோ உரியவர்க்கோ தெரிவிப்பார். யாரும் கேட்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நடுவணரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். இடருற்ற குழந்தைகளுக்கான எண் 1098.

சொற்பொருள்: ஊறு – தீங்கு, தழுவி – பின்பற்றி, எஞ்சிய – மீதமுள்ள, துணியேன் – உறுதியாகக் கூறமாட்டேன்.

பயிற்சி

1. பெற்றோரும் ஆசிரியரும் வெவ்வேறு பிள்ளைகளைச் சுட்டியதற்குப் பாடம் கூறும் காரணம் யாது?

2. ‘வாராதவர்’, ‘கூறமாட்டேன்’ – இவற்றைப் போன்ற எதிர்மறைச் சொற்கள் ஐந்தினைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

3. கவலை, ஏக்கம், சலிப்பு, வெறுமை, தவிப்பு – இவற்றுள் மூன்றினை வாக்கியத்தில் அமைக்க. இவற்றுக்கு உங்கள் வீட்டில் வழங்கும் சொற்களைப் பெற்றோரிடம் கேட்டு அருகில் எழுதுக.