ஓர் இயற்பியல் மாணவரின் முதல் இசைத்தட்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

அறிவியல் வேறு, கலை வேறு என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கற்பிக்கிறார்கள், இசையும் கற்பிக்கிறார்கள். 1929-இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் தமிழிசைக்கு ஆற்றிய தொண்டை நாடறியும். ஆயினும் ஒரு துறையின் மாணவர் மற்றத் துறையின் வாயிலை எத்தனை முறை மிதித்திருப்பார்? இவ்விரு வாயில்களுக்கும் இடையே நடந்த தமிழர் ஒருவரையும், அவர் வெளியிட்ட முதல் இசைத்தட்டையும் பற்றி இங்கே எழுத விழைகிறேன்.

விஜய் ஐயர் 1971-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் அங்குக் குடியேறிய தமிழர். மூன்று வயது முதல் பதினைந்து ஆண்டுகள் மேலைநாட்டு முறையில் வயலின் பயின்றார். பியானோவை மட்டும் பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் தாமே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்று, இயற்பியல் ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி சென்றார். அங்கே ஆய்வும் ஜாஸ் வாசிப்பும் ஒரு சேர நடந்தன. 1995-இல் "மெமரோஃபீலியா" என்னும் அவரது முதல் தொகுப்பு வெளிவந்தது. வெளியிட்டது பெரிய கம்பெனி அன்று. ஆசிய அமெரிக்க இசைக்கலைஞர்கள் 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தாங்களே தொடங்கிய 'ஏஷியன் இம்ப்ரோவ்' என்ற சிறு நிறுவனம். ஸ்டீவ் கோல்மன், ஜார்ஜ் லூயிஸ் ஆகிய கறுப்பினக் கலைஞர்கள் இளையவரான அவருடன் அதில் வாசித்தனர். ஓர் உருப்படியின் பெயர் "சார்பியலாளரின் வால்ட்ஸ்"! ஐன்ஸ்டைனைப் பாடமாகப் படித்தவருக்குத்தான் இப்படிப் பெயர் வைக்கத் தோன்றும்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த கொடை. முதலில் ஒரு மெட்டை வாசிப்பர். பின் ஒவ்வொருவராக அதன்மேல் தம் கற்பனையை விரிப்பர். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவர். கற்பனைச் சுரமும் தனி ஆவர்த்தனமும் கேட்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பியானோதான் புதிது. அதில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம். அதை வளைக்க முடியாது, கமகம் கிடையாது. இதே குறைக்காகத்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. அப்படியானால் ஜாஸ் பியானோவில் உயிர் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி காலத்திலிருந்து வருகிறது என்பது என் கருத்து. எந்தச் சுரம் என்பதைவிட, அது எந்தக் கணத்தில் விழுகிறது என்பதே அங்கு முக்கியம்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். நிமிடத்திற்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி வினாடி. ஓர் அடிக்குள் இரண்டு சுரம் என்று ஏட்டில் எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 250 வரவேண்டும். ஜாஸ் கலைஞர் அப்படி வாசிப்பதில்லை. முதற்சுரத்தை நீட்டி, அடுத்ததைக் குறுக்குவார். விகிதம் 2:1 என்று கொண்டால் 333-உம் 167-உம் ஆகும். இதற்கு 'ஸ்விங்' என்று பெயர். ஆனால் அந்த 2:1 நிலையானதும் அன்று. வேகம் கூடக்கூட அது சமத்தை நோக்கி இறங்குகிறது. ஆக, எழுதியபடியும் இல்லை, வாய்பாட்டின்படியும் இல்லை.

விஜய் ஐயர் இயற்பியலிலிருந்து மாறி, 1998-இல் இசையறிவு பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்றார். தாளத்தில் நிகழும் இந்த நுண்ணிய விலகல்களே அதன் மையப் பொருள்களில் ஒன்று. அவை கை தவறியதால் வருபவை அல்ல, உணர்வைச் சுமப்பவை என்கிறார். இசையை அறிவது மூளை மட்டுமன்று. நடக்கும் காலும், மூச்சும், அடிக்கும் கையும் சேர்ந்தே அறிகின்றன என்பது அவர் கொள்கை. இதைப் படித்தபோது எனக்கு நம் சோதனைச்சாலை நினைவு வந்தது. ஊசலின் இருபது அலைவுகளை எண்ணி, மீண்டும் எண்ணி, சராசரி எடுக்கிறோம். சராசரியிலிருந்து விலகியதற்கு நாம் இட்ட பெயர் 'பிழை'. அதே விலகல் அவருக்கு ஆய்வுப் பொருள்!

பின்னர் 2013-இல் மக்ஆர்தர் நல்கை, 2014-இல் ஹார்வர்டில் பேராசிரியர் பதவி என்று சிறப்புகள் வந்தன. ஆனால் 1995-இல் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மறக்கலாகாது. என் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். கிடைத்த இயற்பியல் இடத்தை விட்டு இசைக்குப் போகிறேன் என்று சொன்னால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. அவர் விட்டு வந்த இடத்துக்கே நாம் இன்னும் போய்ச் சேரவில்லையே! ஆகவே அவரைப் போல் மாறுங்கள் என்று நண்பர்களுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இயற்பியலிலேயே இருந்துகொண்டு அவர் கேட்ட கேள்வியைக் கேட்கலாம் அல்லவா?

கடந்த ஆனித் தேரின்போது சிதம்பரம் கீழவீதியில் தவில் வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்தேன். கடலூர் திரும்பியதும் கணிப்பொறியில் ஒலியலைகளை விரித்துப் பார்த்தேன். காதுக்குச் சீராக ஒலித்த அடிகளின் இடைவெளிகள் திரையில் சமமாக இல்லை. கூடு மாட்டிய வலக்கை விரல்களும், கழி பிடித்த இடக்கையும் தத்தம் வழியில் காலத்தை வகுத்துக் கொள்கின்றன.

இதை மூன்றாம் ஆண்டுச் செயல்திட்டமாகச் செய்யலாமா என்று எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். "விலகல் என்கிறாயே, எதிலிருந்து விலகல்? அங்கே கடிகாரம் எது?" என்று கேட்டார். உண்மைதான், ஊர்வலத்தில் கடிகாரம் இல்லை. இரண்டு தவில்கள் ஒன்றாக வாசிக்கும்போது ஒன்றுக்கு மற்றது எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று அளந்தால் வெளிக் கடிகாரமே வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு இரண்டு கைபேசிகள் வேண்டும். தொடக்கத்தில் இரண்டின் நடுவே நின்று ஒரு முறை கைதட்டிக் காலத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும். தூரத்திலும் கவனம் தேவை. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 3.4 மீட்டர் தள்ளி நின்றாலே பத்து மில்லி வினாடி தாமதம் சேர்ந்துவிடும். நாம் தேடும் விலகலே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒவ்வொரு கைபேசியையும் அந்தந்தத் தவிலுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் கூடவே நடக்க ஆள் வேண்டும். மார்கழித் தேருக்கு என்னுடன் வர இரு நண்பர்கள் இசைந்துள்ளனர்.