படிகளாகப் பிரிப்போம், மீண்டும் பயன்படுத்துவோம்

கட்டுரையை வாசித்திடுக, பின்வரும் கருத்துணர் கேள்விகளுக்கு விடை காண்க.

பெரிய வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டதும் எங்கிருந்து தொடங்குவது எனத் தெரியாமல் திகைப்பது இயல்பு. 'வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்' என்று ஆசிரியர்கள் கூறும் அறிவுரையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது நல்ல அறிவுரைதான். ஆயினும், மேலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பிரித்த படிகள் அந்த வேலை முடிந்ததும் வீணாகின்றனவா அல்லது அடுத்த வேலைக்கும் உதவுகின்றனவா? இதற்குக் கணினியின் தொடக்கக்கால வரலாற்றில் நல்ல சான்று உள்ளது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில், மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் 'எட்சாக்' எனும் கணினி உருவாக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அது தன் முதல் நிரலை இயக்கி, 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது. அதற்குக் கட்டளையிட, காகித நாடாவில் துளைகளைப் பதித்து உட்செலுத்த வேண்டும். ஒரு துளை தவறினாலும் விடை பிழைபட்டுவிடும்.

விரைவிலேயே எதிர்பாராத சிக்கல் ஒன்று தோன்றியது. வில்க்ஸ் எழுதிய கணக்கீட்டு நிரல் ஒன்றில் 126 கட்டளைகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி தம்முடைய நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப் போகிறது என்பதை அப்போது உணர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். தேர்ந்த அறிஞருக்கே இந்நிலை என்றால், பிறரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வர்க்கமூலம் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற பணிகள் ஏறக்குறைய எல்லா ஆய்வாளர்களுக்கும் தேவைப்பட்டன. ஒவ்வொருவரும் அவற்றைத் தாமே புதிதாக எழுதினால், ஒவ்வொருவரும் புதிதாகப் பிழை செய்வர்.

நிரல் எழுதும் முறையை எளிதாக்கும் பொறுப்பை வில்க்ஸ் தம் ஆய்வு மாணவரான டேவிட் வீலரிடம் ஒப்படைத்தார். அனைவருக்கும் தேவைப்படும் பணிகள் தனித்தனித் துணைநிரல்களாக எழுதப்பட்டன. அவற்றின் நாடாக்கள் எஃகு அலமாரி ஒன்றில் வைக்கப்பட்டன. ஆய்வாளர் தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, தம்முடைய நாடாவில் படியெடுத்துக்கொண்டால் போதும். 1951ஆம் ஆண்டுக்குள் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. மயோகுளோபின் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற ஜான் கெண்ட்ரூவும் இவ்வாய்வகக் கணினியின் துணையைப் பெற்றவரே.

இத்துணைநிரல்கள் பலருக்கும் பயன்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, ஒவ்வொன்றும் ஒரே ஒரு பணியைச் செய்தது. வர்க்கமூலம் காணும் துணைநிரலுக்கு, கொடுக்கப்பட்ட எண் விண்மீனைப் பற்றியதா புரதத்தைப் பற்றியதா என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டாவதாக, அதற்கு எதைக் கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. மூன்றாவதாக, பணி முடிந்ததும் தன்னை அழைத்த இடத்திற்கே திரும்பிச் செல்லும் வழியை வீலர் வகுத்திருந்தார். ஆகவே, எந்த நிரலின் எந்த இடத்திலும் அதைப் பயன்படுத்த முடிந்தது.

இம்முறையை நம் பள்ளியிலும் பின்பற்றலாம். தமிழ்மொழிக் கழகம் பேச்சுப் போட்டி நடத்துவதாகக் கொள்வோம். 'மார்ச் மாதப் பேச்சுப் போட்டிக்காக மண்டபம் கேட்டுக் கடிதம் எழுதுதல்' என்று செயலாளர் குறித்து வைத்தால், அக்குறிப்பு அப்போட்டியோடு முடிந்துவிடும். மாறாக, 'இடத்திற்கு அனுமதி பெறுதல். தேவையானவை: நாள், நேரம், வருவோர் எண்ணிக்கை. கிடைக்க வேண்டியது: கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம்' என்று எழுதினால், புதிர்ப்போட்டி, தன்முனைப்பு முகாம், ஆசிரியர் தினம் ஆகிய அனைத்திற்கும் அதே படி உதவும். பங்கேற்பாளரைப் பதிதல், மதிப்பெண்களைத் தொகுத்தல், சான்றிதழ் அச்சிடுதல் ஆகியவற்றையும் இவ்வாறே எழுதலாம். அடுத்த ஆண்டின் செயலவை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. போட்டியின் தலைப்பு என்ன, நீதிபதிகள் யார் என்பன போன்றவற்றைச் சிந்திக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

இதில் கவனமும் தேவை. அலமாரியில் உள்ள ஒரு நாடா பிழையாக இருந்தால், அதைப் படியெடுக்கும் அனைவரின் விடையும் பிழைபடும். அதுபோலவே, மதிப்பெண் தொகுக்கும் படிவத்தில் கூட்டல் தவறாக அமைந்தால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு போட்டியிலும் தகுதியற்றவர் வெற்றி பெறக்கூடும். எனவே, ஒரு படியைப் பொதுவாக்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே முறை மட்டும் செய்யப்போகும் சிறு வேலையைப் பொதுவாக்க முயல்வதும் வீண் உழைப்பாகும்.

ஆகவே, அடுத்த முறை பெரிய வேலை ஒன்றைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு படியின் அருகிலும் இதற்கு என்ன தேவை, இதிலிருந்து என்ன கிடைக்கும், இது வேறு எங்கே உதவும் என்று எழுதிப் பாருங்கள். மூன்றாம் கேள்விக்கு விடை உள்ள படிகளைத் தனி ஏட்டில் சேர்த்து வையுங்கள்.

கருத்துணர் கேள்விகள்

1. ஆய்வாளர் ஒவ்வொருவரும் தாமே நிரல் எழுதியதால் ஏற்பட்ட சிக்கல் யாது?
2. துணைநிரல்கள் பலருக்கும் பயன்பட்டதற்கான மூன்று காரணங்களை எழுதுக.
3. செயலாளர் எழுதக்கூடிய இரு குறிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. பொதுவாக்கப்பட்ட ஒரு படியில் பிழை இருப்பது ஏன் பெருந்தீங்காகும்? உமது கருத்தைச் சான்றுடன் எழுதுக.