மலைத் தீப் புகையா? மூளையையும் காப்போம்!

கோடையில் திருவண்ணாமலை மலையில் காய்ந்த புல் பற்றி எரிவதுண்டு. காற்று திரும்பினால் கீழ்பென்னாத்தூர் பக்கமும் புகை வரலாம். அதிலுள்ள பி.எம். 2.5 நுண்துகள், தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து மூளையையும் பாதிக்கக்கூடியது. காட்டுத்தீப் புகை சூழ்ந்த சில மணி நேரத்திலேயே கவனம் குறைவதை, 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. காற்று மாசு மறதிநோய்க்கும் ஒரு காரணி என்று 2020-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது.

● புகை வாடை வந்ததும் ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். புகை கலைந்ததும் நன்றாகத் திறந்துவிடுங்கள்.

● அந்நேரம் ஊதுவத்தி, கொசுவத்தி, விறகடுப்பு வேண்டாம்.

● பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அனுப்பாமல் உள்ளறையில் உட்கார வையுங்கள்.

● வெளியே போனால் என்-95 முகக்கவசம் அணிந்து, மூக்கின்மேல் உள்ள கம்பியை அழுத்திவிடுங்கள். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது.

● வீட்டுப் பெரியவர்களுக்குத் திடீர்க் குழப்பமோ பேச்சுக் குழறலோ வந்தால், புகைதான் என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

● கொல்லையில் சருகு, குப்பை கொளுத்தாதீர்கள். மலையில் தீ தெரிந்தால் 101-க்குச் சொல்லுங்கள்.