அரிசி மாவில் ரொட்டி உப்புமா?

வலங்கைமான் பக்கம் அரிசிக்குக் குறைவில்லை. அரிசி மாவில் ஈஸ்ட் கலந்து பிசைந்து ரொட்டி செய்து பார்த்தேன், செங்கல்தான் கிடைத்தது!

ஏன்? மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி ஊறவிட்டு, கிண்ணத்து நீரில் கையால் கசக்கி அலசுங்கள். மாவுச்சத்து பால்போல் கரைந்துவிடும். விரலில் மிஞ்சும் ரப்பர் போன்ற பசைதான் குளூட்டன் என்னும் புரதம். இத்தாலிய அறிஞர் பெக்காரியும் இப்படித்தான் அதைப் பிரித்தார். அவரது கட்டுரை 1745இல் வெளியாயிற்று. பிசையப் பிசைய இப்பசை வலைபோல் இறுகி, ஈஸ்ட் விடும் கரியமில வாயுவைச் சிறைப்பிடிக்கிறது. அரிசி மாவை அலசினால் பசை மிஞ்சாது.

அப்படியானால் இட்லி? அங்கே வாயுவைத் தாங்குபவை உளுந்தின் கொழகொழப்பும் புரதமும். வாயுவைத் தருவதும் பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, லியூக்கனாஸ்டாக் என்னும் பாக்டீரியா. உளுந்தைக் குறைத்து ஒரு ஈடு வார்த்துப் பாருங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டு!