தாடை வலியும் குறட்டையும் சேர்ந்தால்: நைட் கார்டுக்கு முன் தூக்கப் பரிசோதனை

காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலிக்கிறது, இரவில் குறட்டையும் பலமாக இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாக உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வலிக்கென்று முதலில் இரவில் பல்லில் மாட்டும் நைட் கார்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு, தூக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். உங்கள் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்தால் போதும். ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். வலியில்லாமல் 'டக்' என்று சத்தம் மட்டும் வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். விரல் நுழையவில்லை, வெற்றிலை பாக்குப் பழக்கமும் உண்டு என்றால், கோளாறு மூட்டில் இல்லாமல் இருக்கலாம். பாக்கினால் கன்னத்தின் உட்சவ்வு நார்போல் இறுகும். அது புற்றுநோயாக மாறக்கூடியது. மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. அப்படி வாய் இறுகியவர்களை அந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். படியேறும்போது மட்டும் தாடை வலித்து நெஞ்சும் இறுகினால் பல் கிளினிக்கே வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மூட்டு வலிதான் என்றால் சில வாரம் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம். முறுக்கும் ஐஸ் கடிப்பதும் கூடாது. பகலில் உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கட்டும். பலருக்கு இதிலேயே வலி இறங்கிவிடும். இந்தக் கட்டத்தில் பல்லைத் தேய்த்துக் 'கடி'யைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பல் வளராது.

அடுத்தது தூக்கம். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்: குறட்டை நடுவில் நின்று, மூச்சு அடைத்து, திடுக்கிட்டு எழுகிறேனா? காலையில் தலைவலி, பகலில் தூக்கம், உயர் இரத்த அழுத்தம் இவையும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஈப்போ பக்கம் இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். 'குறட்டை' என்று மட்டும் சொன்னால் போதாது. மூச்சு நிற்பதைச் சொல்லித் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசு, 15 முதல் 29 நடுத்தரம், 30ஐத் தொட்டால் கடுமை.

இனிதான் சிக்கல். பல் மருத்துவர் தரும் கருவி இரண்டு வகை. நைட் கார்ட் பல் நறநறப்பதிலிருந்து பல்லைக் காக்கும். தாடையை முன்னே இழுக்காது. 2004இல் மொன்றியலில் தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள பத்துப் பேரிடம் மேல்பல் கார்டைச் சோதித்தபோது, ஐந்து பேருக்குத் தடை பாதிக்குமேல் கூடியது. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் பரிசோதனைக்கு முன் கார்ட் போடாதே என்பதற்கு எனக்கு அது போதும். இன்னொன்று கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் கருவி. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டை திறக்கும். ஆனால் அதுவே மூட்டை இழுப்பதால் வலி கூடலாம். ஆகவே வலி அடங்கிய பிறகுதான் அளவு கொடுக்க வேண்டும். தாடை எவ்வளவு முன்னே போகுமோ அதில் பாதியளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் திருகி நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே நாளில் முழுக்க இழுத்துவிட்டால் கருவி அலமாரிக்குத்தான் போகும். காலையில் கழற்றியதும் பின்பற்களைச் சில நிமிடம் மெதுவாகக் கடித்து, தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்தாலும் நாளடைவில் பல் சற்று நகரலாம்.

ஷாப்பி இணையக் கடையில் வரும், வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மலிவுக் கருவியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆடும் பல், ஈறு நோய், முழுப் பல்செட் உள்ளவர்களுக்குத் தாடையை முன்னே நிறுத்தும் கருவி சரியாகப் பிடிக்காது. அவர்களுக்கும் கடுமையான தடை உள்ளவர்களுக்கும் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபேப்தான் முதல் வழி.

கருவி பழகியதும் அதைப் போட்டுக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். சத்தம் அடங்கியும் மூச்சுத்தடை தொடர்வதுண்டு. லோரி, பஸ் ஓட்டுபவர்கள் அந்த முடிவு கைக்கு வரும்வரை இரவு ஓட்டத்தை வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.