செம்பனைக்குள் இறங்கும் நாய்க்கு மாதம் ஒரு மாத்திரை

காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றி விரட்ட நாய் வளர்ப்பவர்கள், பன்றி கிழித்த காயத்துக்குத்தான் பதறுகிறார்கள். காயம் தையல் போட்டால் ஆறிவிடும். கொசு கடித்து ஏற்றிவிடும் இதயப்புழு ஆறேழு மாதம் சத்தமில்லாமல் வளரும். பெண்புழு 30 செ.மீ. வரை நீளும், நுரையீரல் நாளங்களில் 5 முதல் 7 ஆண்டு குடியிருக்கும். ஓடி வந்ததும் இருமுகிற நாயை “வயசாயிருச்சு” என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முதல் வேலை ரத்தப் பரிசோதனை. புழு ஏறிய நாய்க்குக் கேட்காமல் மாத்திரை கொடுத்தால், ரத்தத்தில் திரியும் குட்டிப்புழுக்கள் மொத்தமாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழலாம். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்துளியில் நெளிவதெல்லாம் இதயப்புழுவின் குட்டி அல்ல. புருகியா பகாங்கி என்ற யானைக்கால் இனப் புழுவும் மலேசிய நாய், பூனைகளில் இருக்கிறது. ஆகவே ஆன்டிஜன் டெஸ்டும் சேர்த்துக் கேளுங்கள். கிள்ளானில் கிளினிக்குகள் உண்டு; சிக்கலான நோய் என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

புழு இல்லை என்று தெரிந்தால் மாதம் ஒரு மாத்திரை. குட்டிகளுக்கு எட்டு வாரத்திலேயே தொடங்கலாம். இந்த மருந்து வரப்போகும் புழுவைத் தடுப்பதில்லை. கடந்த மாதம் ஏறிய இளம்புழுவைக் கொல்கிறது. தேதி தள்ளிப்போனால் புழு மருந்துக்கு அடங்காத வயதை எட்டிவிடும். குளிர்நாடுகளில் சில மாதம் நிறுத்துவார்கள். 14 டிகிரிக்குக் கீழே கொசுவின் உடலில் இந்தப் புழு வளராது. காப்பாருக்கு ஏது அந்தக் குளிர்? இங்கே பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து மலிவு என்று சிலர் அதையே நாய்க்கும் ஏற்றுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: அதில் 1 மில்லியில் 10 மி.கி. மருந்து. 20 கிலோ நாய்க்கு மாதம் தேவை 0.12 மி.கி. ஒரு மில்லி இழுத்தால் 80 மடங்குக்கு மேல்! கோலி இன ரத்தம் கலந்த நாய் என்றால் உயிருக்கே ஆபத்து. கலப்பின நாயில் எந்த ரத்தம் ஓடுகிறதென்று யார் கண்டது?

தோட்டத்திலிருந்து திரும்பியதும் உண்ணி தேடுங்கள்: காது மடல், விரலிடுக்கு, கக்கம், கழுத்துப்பட்டையின் அடிப்பக்கம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், கையால் நசுக்கவும் வேண்டாம். தோட்டத்துப் பூச்சிமருந்தில் நாயைக் குளிப்பாட்டுவது கொலைக்குச் சமம். உண்ணி மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு வந்த நாயென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் செம்பழுப்பாகப் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உண்ணிக் காய்ச்சல் காத்திருக்காது.

பன்றியின் குடல், ஈரலைப் பச்சையாகப் போடாதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாயை நிறுத்துப் பார்த்து. கூண்டைச் சுற்றிக் கிடக்கும் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஈரமண்ணில் கொக்கிப்புழு பொரிந்து, வெறுங்காலில் விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் ஏறும்.