ஒரே வேலைக்கு இரு கூலி

நடவுக் காலத்தில் பொழுது புலருமுன்பே வயலில் இறங்குவோருள் பெரும்பாலோர் பெண்களே. நாற்று நடுதலும் களை எடுத்தலும் அவர்கள் வேலை. வரப்பு வெட்டுதல், உழுதல் முதலியன ஆண்களின் வேலை என்று வகுத்து வைத்திருக்கிறோம். மாலையில் கூலி எண்ணும்போது ஆணாளுக்கு ஒரு தொகை, பெண்டாளுக்கு அதனினும் குறைந்த தொகை. இவ்வழக்கம் பல ஊர்களில் வேரூன்றிவிட்டபடியால், இதனைப் பாகுபாடு என்று எவரும் எண்ணுவதுகூட இல்லை.

“ஆண் செய்வது கடினமான வேலை, ஆதலால் கூலி அதிகம்” என்று விவசாயிகள் விடை கூறுவர். வேலை வேறானால் கூலியும் வேறுபடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயின் கதிர் அறுக்கும்போதும் கட்டுச் சுமக்கும்போதும் இருபாலாரும் ஒரே வயலில் ஒரே வேலையைச் செய்கின்றனரே; அங்கும் கூலி இரண்டாக இருப்பது ஏன்? சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நிற்பதை இலேசான வேலை என்போர், ஒரு நாளாவது நட்டுப் பார்ப்பது நல்லது.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை நமது அரசியலமைப்பு வழிகாட்டும் நெறியாகக் கூறுகிறது. 1976-இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அக்கொள்கை இடம் பெற்றது. 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் இருந்தது. ஏரிக்கரையில் ஆணுக்குச் சமமாகக் கூலி பெற்ற அதே பெண், மறுநாள் அருகிலுள்ள வயலில் குறைந்த கூலிக்கு நின்றாள்.

இதனால் குறைவது பணம் மட்டுமன்று. தன் உழைப்பு இரண்டாந்தரமானது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு வருபவள், நாளடைவில் தன்னையே அவ்வாறு மதிக்கத் தொடங்குகிறாள். கேட்டால் அடுத்த நாள் வேலைக்கு அழைக்கமாட்டார்களோ என்ற அச்சத்தால் வாய் திறப்பதில்லை. வீட்டிற்குச் சென்றாலும் ஓய்வு இல்லை. அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கின்றன. அடக்கி வைத்த மனக்குறை உடலில் வெளிப்படுகிறது. தலைவலி, கை கால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு என்றே அவள் சொல்வாள். மனம் சோர்ந்துள்ளது என்று சொல்லமாட்டாள். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடையே மிகுதி என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்குக் கூலி ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் நாள்தோறும் படும் அவமதிப்பு மனத்தை அரிக்கும் என்பதை மறுக்க இயலாது.

பஞ்சாயத்து அலுவலகமும் ஒரு பணியிடமே. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நம் மாநில உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் உண்டு. எனினும் சில இடங்களில் கையொப்பம் தலைவியினுடையது, கூட்டம் நடத்துபவர் அவர் கணவர்! தேர்ந்தெடுக்கப்பட்டவரைச் சுவரோரம் அமர்த்திவிட்டு, கூலிக்காரப் பெண்ணின் குறையை யாரிடம் போய்ச் சொல்லச் சொல்வது?

வயல் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லைதான். ஆனால் உறுப்பினர்களுள் பலர் நிலம் வைத்துப் பயிரிடுவோர். வருகிற அறுவடையில் அவர்கள் தங்கள் களத்தில் ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுத்தால், பிறர் வயல்களிலும் அப்பேச்சு எழும். கிராம சபையிலும் இதனை விவாதப் பொருளாக வைக்கலாம். அப்போது பெண்களை முதலில் பேச விட வேண்டும். வேலையிடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், கூலிப் பெண்களும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம் என்பதையும் அங்கே அறிவிக்கலாம்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவது அவசியம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். அவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மட்டுமன்றி, நியாயவிலைக் கடைச் சுவரிலும் பெண்கள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதுவிக்கலாம்.